வெள்ளை விரிப்பும் சலவைத் தண்ணீரும்

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊறிவரும் வன்மையான நீர் அது. மெல்பேர்ண் தண்ணீர் மென்மையானது. வந்த புதிதில் ஊர்ப் பழக்கத்தில் சலவைத்தூளை அள்ளிப்போட்டு, நுரையை அலசி முடிக்க முடியாமல் நானும் அவதிப்பட்டிருக்கிறேன். பார்வைக்கு இரண்டும் ஒரே தண்ணீர்தான். வேறுபாட்டைச் சொல்வது பரிசோதனை.

நம்மவர்கள் பலர் மருத்துவமனைகள், ஹோட்டல்கள், முதியோர் இல்லங்களுக்குத் துணி துவைக்கும் பெரிய சலவை நிலையங்களில் வேலை செய்கிறார்கள். அந்த விரிப்புகளில் நம் பெற்றோர் சிலரும் படுக்கிறார்கள். ஆகவே இந்த விடயம் நமக்குத் தூரமானதல்ல.

எதைச் சோதிக்கிறார்கள்?

முதலாவது, நீரின் வன்மை. இது தெரிந்தால்தான் சலவைத்தூளின் அளவைச் சரியாக வைக்கலாம். இரண்டாவது, கடைசி அலசல் நீரின் காரத்தன்மை. நமது தோல் இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது. துணியில் காரம் தங்கினால் முதியவர்களின் மெல்லிய தோலில் அரிப்பும் சிவப்பும் வரலாம். மூன்றாவது, கிருமிகள். அலசிய நீரைச் சேமித்து மறுபடி பாவிக்கும் இடங்களில் இது மிக முக்கியம்.

சூடு மட்டும் போதுமா?

அவுஸ்திரேலிய, நியூசிலாந்துச் சலவைத் தரவிதிப்படி, கிருமி நீக்கத்துக்கு நீர் 65 பாகை செல்சியசில் குறைந்தது 10 நிமிடம், அல்லது 71 பாகையில் 3 நிமிடம் இருக்க வேண்டும். பெரும்பாலான கிருமிகள் இதில் அழியும். சில தப்பும்.

ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2006இல் நோயாளிகள் பலரின் இரத்தத்தில் பசில்லஸ் சீரியஸ் என்ற பக்டீரியா காணப்பட்டது. ஆறிய சோற்றை நெடுநேரம் வெளியே வைத்துச் சாப்பிட்டால் வாந்தி வருகிறதே, அதற்குக் காரணமாகும் அதே கிருமிதான். இதன் வித்துகள் சூட்டைத் தாங்கும். தேடிப் பார்த்தபோது, துவைத்து வந்த துவாய்களிலும் விரிப்புகளிலும், துவைத்த இயந்திரத்திலுமே அது நிறைந்திருந்தது. இயந்திரத்தைக் குளோரின் கலந்த மருந்தால் சுத்தம் செய்து, துவைக்கும் நீரின் அளவையும் கூட்டிய பிறகு துணியில் கிருமி வெகுவாகக் குறைந்தது. துணிகள் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

மூச்சோடு போகும் ஆபத்து

வேலை செய்பவர்கள் அறிய வேண்டியது லெஜியோனெல்லா. வெதுவெதுப்பான நீர் தேங்கும் தொட்டிகளிலும், பாவிக்காத குழாய்களிலும், குளிரூட்டும் கோபுரங்களிலும் இது வளரும். நுண்ணிய நீர்த்துளிகளை மூச்சோடு உள்ளிழுப்பதால் நியூமோனியா வரும். மெல்பேர்ண் அக்குவேரியத்தின் குளிரூட்டும் கோபுரத்திலிருந்து 2000 ஏப்ரலில் பரவிய நோய் 125 பேரைத் தாக்கியது. நால்வர் இறந்தனர். அதன்பின் விக்டோரியாவில் இக்கோபுரங்களைப் பதிவு செய்து, ஒழுங்காகப் பராமரித்துச் சோதிப்பது சட்டமாயிற்று. அப்படியிருந்தும் 2024இல் மெல்பேர்ணில் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். லாவர்ட்டன் நோர்த் பகுதியிலுள்ள ஒரு கோபுரமே மூலம் என்று கண்டறியப்பட்டது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, சோதனை தொடர்ந்து நடக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

* காய்ச்சல், இருமல், மூச்சு முட்டல் வந்தால், எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீர்ப் பரிசோதனையில் லெஜியோனெல்லாவின் முக்கிய வகையைக் கண்டுபிடிக்கலாம். நாம் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் அமொக்சிசிலின் இதற்கு வேலை செய்யாது. ஆகவே நீங்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தை சரியான மருந்தை விரைவில் கிடைக்கச் செய்யும்.

* 50 வயதைக் கடந்தவர்களும், புகைபிடிப்பவர்களும், நீரிழிவு உள்ளவர்களும் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

* அம்மா, அப்பா இருக்கும் இல்லத்தில், துணி எங்கே துவைக்கப்படுகிறது, தண்ணீரும் இயந்திரமும் எத்தனை காலத்துக்கு ஒருமுறை சோதிக்கப்படுகின்றன என்று மரியாதையாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

* வேலையிடத்தில் சோதனைப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்பதும் குற்றமல்ல. நம்மில் பலர், வேலை போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டு பழகியவர்கள். தனியே கேட்கத் தயக்கமென்றால், உங்கள் பாதுகாப்புப் பிரதிநிதி மூலமாகக் கேளுங்கள்.

ஊரில் கிணறு இறைத்துத் துப்புரவாக்கிய பிறகுதான் தண்ணீர் குடித்தோம். அந்தக் கவனத்தை இங்கேயும் கைவிட வேண்டாம்.