மூடிக்குள் ஒரு பூவேலை

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் ஹைதராபாத்வாசிகளான நாம் முதலில் அழைத்துப் போவது சாலார் ஜங் மியூசியத்துக்குத்தான். மணிக்கொரு தரம் சின்னப் பொம்மை ஒன்று வெளியே வந்து மணியடிக்கும் பெரிய கடிகாரத்தின் முன் கூட்டத்தோடு காத்திருப்போம். பழைய கடிகாரம் என்றால் எனக்கும் அதுதான் தெரியும், சார்மினார் பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவரின் கடைக்குப் போகும் வரை.

அவர் மேஜையில் தடித்த வெள்ளிப் பாக்கெட் வாட்ச் ஒன்று இருந்தது. சுமார் 200 வருஷத்து இங்கிலாந்து வேலை. மேல் கூட்டைக் கழற்றினார். உள்ளே இன்னொரு கூடு. கண்ணாடியைத் திறந்து, ஆறு மணிக்கருகே இருந்த தாழை நகத்தால் அழுத்தியதும் இயந்திரம் கீலில் எழுந்து நின்றது. துடிக்கும் சக்கரத்தின் மேல் மூடியாக, கொடியும் பூவுமாகத் துளையிட்டுச் செதுக்கிய தகடு! "உள்ளே கிடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றேன். சொந்தக்காரர் நாலு பேர் நடுவே திறந்து காட்டத்தான் என்று சிரித்தார்.

உண்மைதான். 1675-இல் ஹைகன்ஸின் மயிரிழைச் சுருள்வில் வரும் முன், இவ்வகை வாட்ச்சுகள் நாளுக்கு அரை மணி முன்னே பின்னே ஓடியவை. பெரும்பாலானவற்றுக்கு நிமிஷ முள்ளே கிடையாது. ஆனாலும் பிரான்சின் ப்ளுவா நகரத்து எனாமல் சித்திரங்களோடும் மண்டையோட்டு வடிவிலும் செய்து வாங்கி அணிந்தார்கள். நம் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் போட்டது மட்டும் நேரம் பார்க்கவா, என்ன?

பிறகு பெரியவர் தன் கண் லென்ஸைக் கொடுத்து ஒரு சங்கிலியைக் காட்டினார். முறுக்கிய ஸ்பிரிங் முதலில் பலமாக இழுக்கும், தளரத் தளர வலு குறையும். அதைச் சமன் செய்யக் கூம்பு வடிவ உருளை ஒன்று உண்டு. அதில் சுற்றுவது இந்தச் சங்கிலி. சைக்கிள் செயின் போலவே கண்ணிகளும் ஆணிகளும். பருமனோ தடித்த நூலளவு. இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் என்ற சிற்றூரில் 1790-களிலிருந்து பெண்களும், ஏழை விடுதிச் சிறுமிகளும் உட்கார்ந்து இவற்றைக் கோத்தார்கள். பூவேலைத் தகட்டைத் திறந்து காட்டியவர்கள் இந்தச் சங்கிலியைக் காட்டியிருப்பார்களா, தெரியவில்லை.

ஒரு நிமிஷத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. லென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இப்போது தன் கண்ணும் தாங்குவதில்லை என்று சொல்லிக்கொண்டே, கூடுகளை ஒவ்வொன்றாக மூடினார்.