ஊதியம் உயராதபோதும் ஊக்கம் உயரட்டும்

சிறுதொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர் பலருக்கு ஒரு கவலை உண்டு. ஊதியத்தை உயர்த்த வருவாய் இடம் தருவதில்லை; உயர்த்தாவிடில் கைதேர்ந்த பணியாளர் விலகிவிடுவார். என் செய்வது?

ஹவுராவிலிருந்து சில மணி நேர ரயில் பயணத்தில் உள்ள ஜாம்ஷெட்பூர் ஒரு வழியைக் காட்டுகிறது. அங்குள்ள டாடா உருக்காலை 1912-இல் எட்டு மணி நேர வேலையையும், 1920-இல் ஊதியத்துடன் கூடிய விடுப்பையும் அளித்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வந்ததோ அதன் பின்னர்தான். கேட்குமுன் கிடைத்த சலுகைக்கு மதிப்பு மிகுதி.

சிறு முதலாளியும் இதனைப் பின்பற்றலாம். வேலை நேரத்தை முன்னரே அறிவித்தல், பிள்ளைகளின் தேர்வு நாளில் விடுப்பு, புதிய இயந்திரத்தில் பயிற்சி, நற்பணிக்குப் பலரறியப் பாராட்டு ஆகியவற்றுக்குச் செலவு சிறிது. கொல்கத்தாப் பட்டறைகளில் விசுவகர்மா பூஜையன்று முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து உண்கின்றனர். அந்த மதிப்பு மற்ற நாட்களிலும் தொடர வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. துர்கா பூஜைக்கு முன் வழங்கும் போனஸ் இக்கணக்கில் சேராது. சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களில் தகுதியுள்ள பணியாளருக்குக் குறைந்தது 8.33 விழுக்காடு போனஸ் உரிமையாகும். உரியதை உரிய காலத்தில் கொடுப்பவரின் பாராட்டே உள்ளத்தில் தங்கும்.