சிறு கீறலும் செயற்கை இடுப்பு மூட்டும்

இழந்த பின்னரே அருமை தெரியும் செல்வங்களுள் நடையும் ஒன்று. இடுப்பு மூட்டுத் தேய்ந்தவர்க்குப் படியேறுதலும், சப்பணமிட்டிருத்தலும், ஏன், இரவிற் புரண்டு படுத்தலுங்கூட வேதனையாகின்றன. எம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் எழுபது வயதைக் கடந்துவிட்ட இந்நாளில், அம்மூட்டை மாற்றும் சத்திரசிகிச்சை பற்றியும், அதிலே ‘சிறுகீறல் முறை’ எனப் பேசப்படுவது பற்றியும் சில கூறுதல் பயனுடைத்து எனக் கருதுகின்றோம்.

முதலில் மூட்டின் அமைப்பை நோக்குவோம். தொடையென்பின் மேல்நுனி பந்துபோல் உருண்டது. அது இடுப்பென்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியிற் பொருந்திச் சுழல்கின்றது. இரண்டன் மேற்பரப்பையும் வழுவழுப்பான கசியிழையம் போர்த்துள்ளது. முதுமையாலோ நோயாலோ அப்போர்வை தேயுமாயின், என்போடு என்பு உராயும். நோவும் விறைப்பும் தோன்றும். மருந்தும் தேகப்பயிற்சியும் பயன்படாத நிலையிலேயே சத்திரசிகிச்சை வேண்டப்படும்.

பழுதுற்ற பந்தையும் கிண்ணத்தையும் அகற்றிச் செயற்கையானவற்றைப் பொருத்தும் முயற்சிகள் நெடுங்காலமாக நிலையான பயனைத் தரவில்லை. அக்குறையைத் தீர்த்தவருள் முதன்மையானவர் இங்கிலாந்திலே றைற்றிங்ரன் வைத்தியசாலையிற் பணியாற்றிய ஜோன் சார்ண்லி (1911–1982) ஆவர். உராய்வைக் குறைத்தலே அடிப்படை என அவர் கண்டார். ஆதலின், பந்தின் விட்டத்தை ஏறத்தாழ 22 மில்லிமீற்றராகச் சிறிதாக்கினார். உறுப்புகளை அக்கிரிலிக் சீமெந்தினால் என்போடு பிணைத்தார். கிண்ணத்துக்கு அவர் முதலிற் கையாண்ட ரெப்லோன் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தது. அதன் துகள்கள் சூழவுள்ள இழையங்களைக் கெடுத்தன. அவர் மனந்தளராது, 1962ஆம் ஆண்டில் அடர்த்திமிக்க பொலியெதிலீனைப் பொருத்தலானார். இப்பொருள்களை உடல் ஏற்குமோவென அறிய, அவற்றின் துகள்களைத் தம் தொடையிலேயே செலுத்திச் சோதித்தமை அவரது நேர்மைக்குச் சான்றாகும்.

அவர் வகுத்த வழியே பிறர் வளர்த்த இச்சிகிச்சையை, 2007ஆம் ஆண்டில் ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழ்க் கட்டுரையொன்று நூற்றாண்டின் சத்திரசிகிச்சை எனப் போற்றியது. அவ்விதழில் 2019இல் வெளிவந்த ஆய்வொன்று, பொருத்தப்பட்ட மூட்டுகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 58 இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கும் என மதிப்பிட்டது.

இனி, கீறல் பற்றிப் பார்ப்போம். மூட்டு முழுவதும் கண்ணுக்குப் புலப்பட வேண்டும் என்பதற்காகச் சார்ண்லி, தொடையென்பின் புறப்புடைப்பை அறுத்து விலக்கி, இறுதியிற் கம்பியாற் கட்டினார். பின்வந்தோர் பெரும்பாலும் இதனைக் கைவிட்டனராயினும், 15 முதல் 25 சென்ரிமீற்றர் வரை நீண்ட கீறல் வழக்கில் இருந்தது. 2000ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் அதனை 10 சென்ரிமீற்றர் அளவிற்கோ அதனினும் குறைவாகவோ சுருக்கும் முயற்சி பரவியது.

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். தோலைச் சிறிதாகக் கீறுதல் வேறு. தசையைச் சிதையாது காத்தல் வேறு. பின்புறத்தாற் செல்லும் சிறுகீறல் முறையிலே தழும்பு சிறிதாயினும், மூட்டின் பின்னுள்ள சிறு தசைகள் பொதுவாகக் கழற்றப்பட்டு மீளத் தைக்கப்படுகின்றன. முன்புறத்தாற் செல்வோரோ இரு தசைகளுக்கு இடையேயுள்ள இயற்கை வழியைப் பற்றிச் செல்கின்றனர். இவ்வழி புதிதன்று, ஜேர்மனியரான ஹியூற்றர் 1881இலேயே அதனை விவரித்துள்ளார். எக்ஸ் கதிரின் துணைகொண்டு இரு சிறு கீறல்களாற் செய்யும் முறையொன்றும் எழுந்தது. தசைக்கு ஊறின்றி முடியும் என அதனைப் பாராட்டினர். ஆனால், சடலங்களிற் செய்து பார்த்தபோது தசைச் சேதம் காணப்பட்டது. சிறிய தழும்பின்கீழே பெரிய சேதமும் மறைந்திருக்கலாம் என்பது இதனாற் பெறப்படும்.

முன்புற முறையாற் பயனில்லையோவெனின், உண்டு. முதற் சில வாரங்களில் நோவு குறைந்து, ஊன்றுகோலை விரைவில் விடுவோர் பலர். ஆயினும் ஓராண்டு கழிந்தபின், நன்கு செய்யப்பட்ட பழைய முறைக்கும் இதற்குமிடையே பெரிய வேறுபாடு காணப்படுவதில்லை. தொடையின் தோலுக்குச் செல்லும் நரம்பு ஊறுபட்டு மரத்துப் போதலும் உண்டு. இடம் ஒடுங்கியதாகலின், புதிதாகப் பழகும் வைத்தியரின் முதற் சிகிச்சைகளில் என்பு முறிதல் முதலிய இடர்கள் மிகுதி. மிகப் பருத்த உடலினர்க்கும், மூட்டின் அமைப்பே திரிந்தவர்க்கும் இம்முறை எளிதிற் பொருந்தாது.

ஆதலின், சிகிச்சையை நாடுவோர் ‘கீறல் எத்துணைச் சிறிது?’ என முதலில் வினவுதல் பொருந்தாது. ‘இம்முறையில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்துள்ளீர்கள்? எம் உடலுக்கு எவ்வழி ஏற்றது? எவ்வாறான மூட்டைப் பொருத்துவீர்கள்?’ என வினவுதலே தக்கது. கிண்ணம் சரியான சாய்விற் பதிதலும், கால்களின் நீளம் ஒத்திருத்தலும், கிருமி புகாது காத்தலுமே ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் நடையைக் காப்பன. தழும்பின் நீளத்தைக் கண்ணாடி காட்டும். உள்ளே செய்த வேலையின் செம்மையைக் காலந்தான் காட்டும். இதனை எம் பழைய மாணவரும், நாளை வைத்தியராகப் போகும் இளைய மாணவரும் மனத்திற் கொள்வாராக.