மிதிக்கும் பாதத்தின் வலி

அதிகாலையில் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே காவிரிப் பாலத்தைக் கடக்கும் மிதிவண்டிகளில் இரு வகையினரைக் காணலாம். ஒரு வகையினர் பால் கேனும் பூக்கூடையும் காய்கறி மூட்டையும் சுமந்து செல்பவர்கள். அவர்களுக்கு மிதிவண்டியே பிழைப்பு. மற்றவர்கள் பணி ஓய்வுக்குப் பின்னரோ, மருத்துவரின் அறிவுரைக்குப் பின்னரோ, கியர் வைத்த புதிய வண்டியை வாங்கி உடல்நலத்துக்காக ஓட்டுபவர்கள். வருமானத்திலும் வண்டியின் விலையிலும் பெரிதும் வேறுபட்ட இவ்விரு தரப்பினரையும் ஒன்றுபோலத் தாக்கும் தொல்லை ஒன்று உண்டு. அது உள்ளங்கால் வளைவில் திடீரெனத் தோன்றும் வலி.

நேற்று வரை இல்லாத வலி, இன்று காலை கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஊசியாய்க் குத்துகிறது. சிலருக்கு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பாதம் இழுத்துப் பிடிக்கிறது. உடனே மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்குகிறோம். வலி பாதத்தில் தெரிந்தாலும், அதன் காரணம் பாதமும் காலணியும் மிதிகட்டையும் இருக்கையும் ஒன்றோடொன்று பொருந்தாமையில் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

பாதத்தின் வளைவு ஒரு வில்லைப் போன்றது. எலும்புகள் வில்லின் தண்டு என்றால், குதிகால் எலும்பிலிருந்து கால்விரல்களின் அடிவரை நீளும் தடித்த திசுப்பட்டை அதன் நாண். நடக்கும்போது விரல்கள் மேல்நோக்கி மடியும். அப்போது இப்பட்டை கிணற்று ராட்டினத்தில் சுற்றும் கயிறுபோல இறுகி வளைவை உயர்த்துகிறது. இதனை 1954-இல் தெளிவாக விளக்கியவர் ஹிக்ஸ் என்னும் பிரிட்டிஷ் உடற்கூற்றியலாளர். மிதிவண்டி ஓட்டுகையில் விரல்கள் அவ்வளவாக மடிவதில்லை. உடலின் எடையும் முழுதாகப் பாதத்தில் விழுவதில்லை. ஆகவே ஓட்டத்தைவிட மிதிவண்டி பாதத்துக்கு இதமானது என்பது உண்மையே. ஆனால் அந்த இதம் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

காந்தி சந்தைப் பக்கம் நிற்கும் பழைய வண்டிகளின் மிதிகட்டைகளைப் பாருங்கள். பலவற்றில் ரப்பர் தேய்ந்து நடுவிலுள்ள இரும்புத் தண்டு வெளியே தெரியும். அதை மிதிப்பதோ தேய்ந்து மெலிந்த ரப்பர் செருப்பு. செருப்பு நழுவாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே பலர் பாதத்தின் நடுப்பகுதியை மிதிகட்டையின்மேல் வைக்கிறார்கள். அப்போது ஒவ்வொரு மிதியிலும் இரும்பின் அழுத்தம் நேராக அந்த நாணின்மேல் விழுகிறது. நிமிடத்துக்கு அறுபது சுற்று என்று கொண்டால், அரை மணி நேரப் பயணத்தில் ஒவ்வொரு பாதமும் 1,800 முறை அழுத்தப்படுகிறது. விரல்களுக்குச் சற்றுப் பின்னே உள்ள அகன்ற மேட்டுப் பகுதியால் மிதிப்பதும், அடிப்பாகம் எளிதில் வளையாத காலணியை அணிவதும் இந்த அழுத்தத்தைப் பரவலாக்கும். புதிய வண்டிக்காரர்களின் சிக்கல் வேறு. நடைப்பயிற்சிக்கான மெத்தென்ற காலணியோடு, சிறிய, கடினமான மிதிகட்டையை மிதிக்கிறார்கள். மென்மையான அடிப்பாகம் மிதிகட்டையைச் சுற்றி வளைந்துகொடுக்க, பாதமும் உடன் வளைகிறது.

அடுத்தது இருக்கையின் உயரம். அளவுக்கு மீறி உயர்ந்தால் கால் எட்டாமல் நுனிவிரலால் மிதிக்க நேரும்; மிகத் தாழ்ந்தால் குதிகால் கீழிறங்கிக் கெண்டைக்கால் தசை இழுபடும். கெண்டைக்காலும் பாதத்தின் திசுப்பட்டையும் குதிகால் எலும்பின் இருபுறமும் பற்றியவை என்பதால், ஒன்றின் இறுக்கம் மற்றொன்றைப் பாதிக்கிறது. சரிபார்க்கும் வழி எளியது. இருக்கையில் அமர்ந்து, மிதிகட்டை மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் தானாகவே சற்று மடங்கிய நிலைக்கு வந்துவிடும்.

திருச்சி பெரும்பாலும் சமவெளிதான். எனினும் பாலங்களின் ஏற்றமும் ஆடிக் காற்றும் சேர்ந்தால் சமவெளியும் மலையாகிவிடும். ஆடியில் கரூர் சாலையில் மேற்கு நோக்கி மிதித்தவர்களுக்கு இது தெரியும். ஒற்றைப் பல்சக்கரம் கொண்ட கனத்த வண்டியில், எதிர்க்காற்றுக்கு ஏற்ப மிதியை இலகுவாக்கும் வழியே இல்லை; இறங்கித் தள்ளுவதுதான் ஒரே கியர். கியர் உள்ளவர்களோ பலநேரம் அதனைப் பயன்படுத்துவதில்லை. கனத்த கியரில் மெதுவாக மிதிப்பதே வீரம் என்று ஓர் எண்ணம். இலகுவான கியரில் விரைவாகச் சுற்றினால் ஒவ்வொரு மிதிக்கும் உரிய விசை குறையும், பாதம் பிழைக்கும்.

திடீர் வலி என்கிறோம். விசாரித்தால், முந்தைய சில வாரங்களில் ஏதோவொன்று மாறியிருப்பது பெரும்பாலும் தெரியவரும்: புதிய வண்டி, புதிய காலணி, இரட்டிப்பான தூரம், கூடுதல் சுமை. வயதும் தன் பங்குக்கு, குதிகாலின் கொழுப்பு மெத்தையை மெலியச் செய்கிறது.

எல்லா வலியும் ஒன்றல்ல. ‘டப்’ என்று அறுந்ததுபோன்ற உணர்வும் தொடர்ந்து கன்றிய நிறமும் தோன்றினால் திசுப்பட்டை கிழிந்திருக்கலாம். கணுக்காலின் உட்புறம் வீங்கி, அந்த ஒற்றைக் காலில் நுனிவிரலால் எழும்ப முடியாமல் போனால், வளைவைத் தாங்கும் தசைநாண் பழுதாகியிருக்கலாம். அதைத் தள்ளிப்போட்டால் பாதம் நிரந்தரமாகத் தட்டையாகிவிடும். எலும்பின் ஒரே புள்ளியில் அழுத்தினால் வலிப்பது நுண்முறிவின் அடையாளமாக இருக்கலாம். எரிச்சலும் மரத்துப்போதலும் நரம்பைச் சுட்டுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் எவருக்கேனும் பாதத்தில் வலியோடு மரமரப்போ புண்ணோ சிவப்போ இருந்தால், வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உணர்வு குறைந்த பாதத்தில் பனிக்கட்டியோ வெந்நீரோ வைப்பது ஆபத்து.

இந்த அறிகுறிகள் இல்லாத சாதாரண வலிக்குச் சில நாள் ஓய்வும், துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைப்பதும் போதிய தொடக்கம். காலையில் முதல் அடி வைக்கும் முன், வலிக்கும் பாதத்தை மறு முழங்காலின்மேல் வைத்து, விரல்களைக் கணுக்காலை நோக்கி இழுத்துப் பத்து விநாடி பிடிக்க வேண்டும். இவ்வாறு பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வலி சற்றுத் தணிந்ததும் தசைக்கு வலுவூட்ட வேண்டும். படிக்கட்டின் விளிம்பில் நின்று, விரல்களின் அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, குதிகாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்துவது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். டென்மார்க்கில் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்பயிற்சி செய்தவர்கள் வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட மூன்று மாதத்தில் நன்கு தேறினார்கள். ஓராண்டு முடிவில் இரு குழுவினரும் சமநிலைக்கு வந்தார்கள். பொறுமைதான் இதில் விலை உயர்ந்த மருந்து. அதை எந்தக் கடையும் விற்பதில்லை.

பொறுமை இழப்பவர்கள் எக்ஸ்ரேயில் தெரியும் ‘குதிகால் முள்’ளைக் கண்டு அஞ்சுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. அதை அகற்றினால்தான் குணமாகும் என்பது பெரும்பாலோருக்குப் பொருந்தாது. ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, அது தரும் நிவாரணம் சிறிதே என்றும் சுமார் ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பதாகத் தெரியவில்லை என்றும் கண்டது. அரிதாகத் திசுப்பட்டை கிழியும் அபாயமும் அதில் உண்டு. மருத்துவச் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்று கென்னத் ஆரோ 1963-இல் எழுதினார். வகுப்பறையில் பல ஆண்டுகள் இதைக் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ஆனால் ‘ஓய்வெடுங்கள்’ என்ற அறிவுரையின் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. ஓய்வூதியருக்கு அது ஒரு வாரம் பாலத்தைப் பார்க்காமல் இருப்பது. பால்காரருக்கு அது ஒரு வாரக் கூலி. அதனால்தான் அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு மிதிக்கிறார். தேய்ந்த மிதிகட்டையை மாற்ற ஆகும் செலவு, அவர் இழக்கும் ஒரு நாள் வருமானத்தைவிடக் குறைவாகவே இருக்கும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவு மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. அந்தப் பணியாளர்கள் மிதிவண்டியில் பிழைப்பவரின் செருப்பையும் இருக்கையையும் ஒருமுறை பார்த்துச் சொன்னால் அதுவே பாதி சிகிச்சை.

அரசு இன்னும் முன்னதாகவே தலையிட இடமிருக்கிறது. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிவடைந்த விலையில்லா மிதிவண்டித் திட்டம், தமிழகம் செய்த நல்ல முதலீடுகளில் ஒன்று என்பது என் கருத்து. ஆனால் நாலே முக்கால் அடி மாணவிக்கும் ஐந்தரை அடி மாணவிக்கும் ஒரே அளவு வண்டிதான். இருக்கையை ஏற்றி இறக்க ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும். வழங்கும் நாளிலேயே பள்ளி மைதானத்தில் உள்ளூர் மிதிவண்டிப் பழுதுபார்ப்பவர் இருவரை அமர்த்தி, அவரவர் உயரத்துக்கு ஏற்பப் பொருத்தித் தரலாம்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. வலி உள்ள பாதத்துக்கு வெறுங்காலும் கடினத் தரையும் ஆகாது. அரங்கனைச் சேவிக்க உள்ளே செருப்பின்றித்தான் நடக்க வேண்டும்; அதில் மாற்றமில்லை. ஆனால் வேண்டுதலாக உத்திர வீதியையும் சித்திரை வீதியையும் வெறுங்காலில் வலம் வருபவர்கள், வலி தணியும்வரை அதைத் தள்ளிவைக்கலாம். வண்டியைவிட்டு இறங்கிய உடனே கல்தரையில் விரைந்து நடக்காமல், கெண்டைக்காலைச் சற்று நீட்டித் தளர்த்திய பிறகு கோபுர வாசலுக்குள் நுழையலாம்.