படுத்தால் மறையும் வீக்கம்... அலட்சியம் வேண்டாம்! ஹெர்னியாவுக்கு எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

விடிவதற்கு முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் களைகட்டிவிடும். படகிலிருந்து கூடைகளை இறக்குபவர்கள், ஐஸ் பெட்டிகளை வண்டியில் ஏற்றுபவர்கள், தலைச்சுமையாக மீன் விற்கக் கிளம்பும் பெண்கள் என எல்லோருக்கும் உடம்புதான் மூலதனம். இப்படிப் பாரம் தூக்குபவர்களில் சிலருக்குத் தொடை இடுக்கில் எலுமிச்சை அளவில் ஒரு வீக்கம் இருக்கும். இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். பெரிதாக வலிக்காது. இடமும் கூச்சப்பட வைக்கும் இடம். அதனால் மனைவியிடம்கூடச் சொல்லாமல் வருஷங்களை ஓட்டிவிடுகிறார்கள்.

இதுதான் ஹெர்னியா எனும் குடலிறக்கம். டயர் கிழிந்த இடத்தில் டியூப் பிதுங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். வயிற்றுச் சுவரில் தசை பலவீனமான இடம் வழியாகக் கொழுப்போ, குடலின் ஒரு பகுதியோ வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. பிறவியிலேயே பலவீனம் இருக்கலாம். நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், புராஸ்டேட் தொல்லையால் சிறுநீர் கழிக்க முக்குவது, உடல் பருமன் எல்லாம் அதை அதிகமாக்கும். பீடி, சிகரெட் இருமலையும் கொடுக்கும், ஆபரேஷன் புண் ஆறுவதையும் தாமதப்படுத்தும்.

ஆண்களுக்குத்தான் அதிகம் என்றாலும் பெண்கள் தப்பித்துவிடுவதில்லை. தொப்புளிலும், சிசேரியன் தழும்பு இருக்கும் இடத்திலும் வரலாம். தொடையின் மேல்பகுதியில் வரும் ஒரு வகை பெண்களிடம்தான் கூடுதல். அது சீக்கிரம் சிக்கிக்கொள்ளும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

மாத்திரை, எண்ணெய், பெல்ட் எதுவும் அந்த ஓட்டையை அடைக்காது. பெல்ட் தற்காலிகமாகத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். விதிவிலக்கு கைக்குழந்தைகளின் தொப்புள் ஹெர்னியா. பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானே மூடிவிடும். ஆனால், குழந்தைக்குத் தொடை இடுக்கில் வீக்கம் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது.

உடனே ஆபரேஷன் கட்டாயமா? வட அமெரிக்காவில் 720 ஆண்களிடம் நடத்தி 2006-ல் வெளியான ஆய்வு, தொந்தரவு அதிகம் இல்லாதவர்கள் டாக்டரின் கண்காணிப்பில் காத்திருக்கலாம் என்றது. ஆனால் அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்ததில், 10 வருஷத்துக்குள் பெரும்பாலானோர் வலி கூடி ஆபரேஷனுக்கே வந்துவிட்டார்கள். பாரம் தூக்கிப் பிழைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுப்பது நல்லது.

பயப்பட வேண்டிய நேரம் வேறு. வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் திடீரென்று போகவில்லை, கல் மாதிரி இறுகி வலிக்கிறது, தோல் சிவக்கிறது அல்லது கறுக்கிறது, வாந்தி வருகிறது, மலமும் வாயுவும் வெளியேறவில்லை என்றால், குடல் சிக்கி ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். சில மணி நேரத்தில் குடல் அழுகும். அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காமல், எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

காசிமேட்டுக்காரர்களுக்குப் பழைய ஜெயில் ரோட்டிலுள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனை பக்கம்தான். பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டலாம். பெரும்பாலும் வலை போன்ற மெஷ் வைத்துத் தைக்கிறார்கள். அதன்பிறகு 4 முதல் 6 வாரம் பாரம் தூக்கக் கூடாது. கூலி போய்விடுமே என்றுதான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அவசரமில்லாத ஹெர்னியா என்றால் விசைப்படகுக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்த்துத் தேதி கேட்டு வைத்தால், படகு கரையில் நிற்கும் நாட்களிலேயே உடம்பு தேறிவிடும்.