வீட்டு வாசலிலிருந்து பேருந்து வரை



2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புதுக்கோட்டைக்கு ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போய்வரும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அவர்களுடைய பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து பேருந்து வரை நடைபாதை இல்லை. சாக்கடை ஓரத்தில், பைக்குகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள நம் நன்னிமார்கள், பேருந்து இலவசமாக இருந்தும் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

நடப்பவருக்கு வசதி செய்வது வெளிநாட்டு விஷயம் என்று சிலர் நினைக்கிறார்கள். சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்து, அகலமான நடைபாதையைத் திறந்தார்கள். பெருநாள் துணி எடுக்கப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளைக் கைப்பிடித்து நிம்மதியாக நடக்கலாம். அதிலும் பைக்கை ஏற்றி நிறுத்துகிறவர்கள் உண்டு, அது வேறு கதை.

பாண்டி பஜார் அளவுக்கு நாம் கேட்கவில்லை. சாக்கடைக்கு மூடி, தெருவிளக்கு, பேருந்து நிற்கும் இடத்தில் நிழல் போதும். யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். புதுக்கோட்டை சாலை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. உள்தெருக்கள் பேரூராட்சியின் பொறுப்பு. மாற்றிக் கொடுத்த மனு இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே அலையும். கிராமசபை தெரிந்த அளவுக்குப் பகுதி சபையை நம்மவர்களுக்குத் தெரியவில்லை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகர்ப்புறங்களில் அது தொடங்கியது. வார்டில் ஓட்டு உள்ள எவரும், பெண்களும், எழுந்து பேசலாம். ஓட்டுக் கேட்டு வரும்போது மட்டும் கவுன்சிலரிடம் குறை சொல்லிவிட்டு, பிறகு ஐந்து வருடம் திண்ணையில் முணுமுணுப்பது நம் பழைய பழக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாதையில் இடையூறு தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மதரசாவில் ஓதியவர்கள் நாம். ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் தெருவில் குறுக்கும் நெடுக்குமாக நிற்பவை யாருடைய வண்டிகள்? மனுவோடு போகும்போது இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

உங்கள் தெருவில் நடக்க முடியாத இடம் எது என்று ஒரு தாளில் எழுதி, அஸருக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் கொடுங்கள். வார்டு வாரியாகப் பிரித்து, அடுத்த பகுதி சபைக்கு எடுத்துச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.

– செயலாளர்