ஊட்டி ஜன்னலோரப் பூ

ஊட்டி வீடுகளின் ஜன்னலோரத் தொட்டிகளில் சிவப்புக் கொத்தாகப் பூப்பதை ஜெரேனியம் என்கிறோம். உண்மையில் அது பெலார்கோனியம், தென்னாப்பிரிக்கச் செடி. பூவை உற்றுப் பாருங்கள், நேயர்களே. மேலிதழ் இரண்டும் கீழிதழ் மூன்றும் சற்றே வேறுபட்டிருக்கும். அசல் ஜெரேனியத்தில் ஐந்தும் ஒரே மாதிரி. தண்டும் சதைப்பற்றாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது பெலார்கோனியம்தான்.

அசல் ஜெரேனியத்தில் பல வகைகள் கடுங்குளிரைத் தாங்கும். பெலார்கோனியமோ உறைபனி பட்டால் கருகிவிடும். அதனால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் தொட்டி வீட்டுக்குள் இருக்கட்டும், பகலில் வெயில் விழும் ஜன்னல் பக்கமாக. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் கொஞ்சம்தான். பனிக்குத் தப்பிய செடியும் ஈரம் மிஞ்சினால் தண்டு அழுகிச் சாகும், பாவம். உரம் அப்போது வேண்டாம். குளிர் விலகியதும் நீண்ட கிளைகளை வெட்டிவிடுங்கள். வெட்டிய துண்டுகளை நட்டால் அவையும் வேர்பிடிக்கும்.